நேற்று எடுத்த எஞ்சின் இன்று ஏன் எடுக்கவில்லை?
படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் புதிதாகக் கையாளத் தொடங்கியவர்களுக்கு

அதிகாலை மூன்றரை மணி. படகைத் தள்ளி இறக்கியாயிற்று. அணியத்தில் ஒருவர் துடுப்பை ஊன்றிப் படகின் முகத்தைக் கடலுக்கு நேராக நிறுத்திப் பிடித்திருக்கிறார். பின்னால் நின்று நீங்கள் கயிற்றை இழுக்கிறீர்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. நேற்று இரண்டாவது இழுப்பிலேயே எடுத்த எஞ்சின் இன்று ஒரு முனகல்கூட இல்லாமல் கிடக்கிறது. அலை உடையும் இடத்தில் எஞ்சின் ஓடாத படகு குறுக்கே திரும்பினால் என்ன நடக்கும் என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முற்றிலும் பழுதான எஞ்சின் கரையிலேயே நின்றுவிடும். சில நாள் எடுத்து, சில நாள் எடுக்காத எஞ்சின்தான் உங்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய் அங்கே கைவிடும். அதை மெக்கானிக்கிடம் தூக்கிச் சென்றால் முதல் இழுப்பிலேயே எடுத்துக் காட்டும். அவரும் இரண்டு ப்ளக்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவிக் கொடுத்துவிடுவார். நான்காவது நாள் பழைய கதை. என் மைத்துனரின் படகில் இருந்த 9.9 குதிரைத்திறன் எஞ்சின் மூன்று வாரம் இப்படி எங்களை அலைக்கழித்தது. பணம் போனதைவிட, எஞ்சின்மேல் இருந்த நம்பிக்கை போனதுதான் பெரிய இழப்பு.

இப்படிப்பட்ட கோளாறு வெளிப்படுவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போதா, சூடேறியபின்பா, நனைந்தபின்பா, டாங்க் காலியாகும்போதா என்பதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் எஞ்சினைச் சோதிக்க வேண்டும். நன்றாக ஓடும் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான். நம் கரைகளில் பைபர் படகுகளில் அதிகமாகப் பார்க்கும் 8 முதல் 15 குதிரைத்திறன் வரையான, கயிறு இழுத்து எடுக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடுவதற்கு முன்

எஞ்சினை நியூட்ரலில் வையுங்கள். கரையில் வைத்து ஓட்டுவதென்றால் அடிப்பகுதி தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். டிரம்முக்குள் ஓட்டும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுவது நல்லது. மூடிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளை வீழ்த்தும்.

ப்ளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும் சோதனைகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பலமுறை இழுத்தும் எடுக்காத எஞ்சினுக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும். ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு இழுத்தால் அந்தத் துளைகள் வழியாகப் பெட்ரோல் ஆவியாகப் பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே பொறியும் பறந்தால் தீப்பிடிக்கும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: எஞ்சினில் இருக்கும் ப்ளக்குகளை அப்படியே விட்டுவிட்டு, கையில் இருக்கும் வேறு இரண்டு நல்ல ப்ளக்குகளை ப்ளக் வயர்களின் முனையில் உள்ள தொப்பிகளில் மாட்டிச் சோதியுங்கள். துளைகள் மூடியே இருக்கும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, காற்றாடவிட்டு, பெட்ரோல் கேனைத் தூரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் நோட்டு, பிறகு ஸ்பானர்

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிப் பாலித்தீன் உறையில் போட்டு எஞ்சின் சாமான் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு வரி எழுதினால் போதும்: நேரம், எத்தனை இழுப்பு, எஞ்சின் நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று, டாங்கில் எவ்வளவு இருந்தது, மழையோ அலையோ மேலே அடித்ததா, இழுத்தது யார். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் தகராறு செய்து, ஒருமுறை எடுத்தபின் நாள் முழுவதும் ஒழுங்காக எடுத்தால் சந்தேகம் பெரும்பாலும் எரிபொருள் பக்கம்தான். குளிர்ந்த எஞ்சினை எடுக்கக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதாக மூடாமல் இருக்கலாம். கார்பரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட் பாதி அடைத்திருக்கலாம். குழாயில் எங்கோ காற்று புகுந்து, இரவில் பெட்ரோல் டாங்குக்கே திரும்பி இறங்கியிருக்கலாம். முந்தைய நாள் மண்ணெண்ணெயில் வைத்தே எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுத்தியவுடன் மீண்டும் எடுக்கிறது, ஆனால் வலை இழுக்க இருபது, முப்பது நிமிடம் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு இழுத்தால் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது. இது சூட்டோடு தொடர்புடைய கோளாறு. எஞ்சின் நின்றதும் குளிர்விக்கும் தண்ணீரும் நின்றுவிடும். மேல்மூடிக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டில் கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி எஞ்சினுக்குள் வழியலாம். அல்லது ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலோ, பொறியை நேரம் பார்த்து விடும் சி.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டியோ சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர் பெறலாம். மைத்துனரின் எஞ்சினுக்கு இருந்தது இந்த வகைதான். ஆனால் நோட்டில் எழுதத் தொடங்கிய பின்புதான் அது எங்கள் கண்ணில் பட்டது.

அலை அடித்த நாளில், மழை பெய்த நாளில் மட்டும் என்றால் ப்ளக் வயர், ப்ளக் தொப்பி, நிறுத்தும் சுவிட்ச், வயர் இணைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். டாங்க் கால்வாசிக்குக் கீழே போகும்போது மட்டும் என்றால், டாங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயில் விரிசல் இருக்கலாம். அல்லது அடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் குறைந்து நின்று, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் முதலில் டாங்க் மூடியின் காற்றுத்துளையைப் பாருங்கள்.

இழுத்தது யார் என்று எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இந்த எஞ்சின்களில் பேட்டரி இல்லை. கயிற்றை இழுத்தால் சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் சுழலும் வேகத்தில்தான் பொறிக்கான மின்சாரம் பிறக்கிறது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுற்றினால் பொறி வராது, அல்லது பலவீனமாக வரும். இளைஞர் இழுத்தால் எடுக்கிறது, பெரியவர் இழுத்தால் எடுக்கவில்லை என்று நோட்டு காட்டினால் இரண்டையும் யோசிக்க வேண்டும். கயிற்றைப் பிடிமானம் கிடைக்கும்வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சில் வேகமாக இழுக்கும் முறை அவருக்குச் சொல்லித்தரப்படாமல் இருக்கலாம். அல்லது பொறி ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்று கொண்டிருக்கிறது, நல்ல வேகத்தில் மட்டும் தப்பிப் பிழைக்கிறது. பின்னது உண்மையானால் அது எச்சரிக்கை. சில வாரங்களில் இளைஞருக்கும் எடுக்காமல் போகும்.

மேல்மூடியைத் திறக்காமல் பார்க்க வேண்டியவை

எடுக்காத எஞ்சினைப் பார்த்ததும் ப்ளக் கழற்றும் பழக்கத்தை விடுங்கள். கீழே இருப்பவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மணிக்கட்டில் மாட்டும் சிவப்புச் சுருள்கயிற்றின் கிளிப் சுவிட்சில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? உப்பும் மணலும் சேர்ந்து அது அரைகுறையாக நிற்கும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, மீண்டும் மாட்டுங்கள். பலர் இந்தக் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவிட்சுக்கடியில் மரச்சில்லைச் செருகி வைக்கிறார்கள். படகிலிருந்து தவறி விழுந்தவர்மேல் புரொப்பல்லர் ஏறாமல் தடுப்பதற்காக வைத்த கயிறு அது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தவிர, அந்தச் சில்லு ஆடும்போதெல்லாம் பொறி வந்து வந்து போகும். நாம் தேடும் கோளாறையே அது உருவாக்கும்.

கியர் உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கிறதா? கியரில் இருக்கும்போது கயிறு இழுபடாதபடி பல எஞ்சின்களில் பூட்டு உண்டு. கேபிள் தளர்ந்தால் நியூட்ரலிலும் அது பாதி பூட்டிக்கொள்ளும்.

டாங்க் மூடியின் காற்று திருகு திறந்திருக்கிறதா? கம்பெனி டாங்குக்குப் பதில் சாதாரண பிளாஸ்டிக் கேனில் குழாயை இறக்கி ஓட்டுபவர்கள் மூடியில் சிறு துளை போட்டிருப்பார்கள். உப்பு படிந்து அந்தத் துளை அடைத்தால், பெட்ரோல் போகப் போகக் கேனுக்குள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் பட்டினி கிடக்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

கையால் பிதுக்கும் ரப்பர் பம்பின்மேல் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். பிதுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பம்பை நிமிர்த்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் ஒருவழி வால்வுகள் அப்போதுதான் ஒழுங்காக உட்காரும். சில முறை பிதுக்கியதும் பம்பு கல்லுப் போல் ஆக வேண்டும். ஆகவே ஆகாவிட்டால் காற்று புகுகிறது, அல்லது வால்வு கெட்டுவிட்டது. இறுகியது சில நிமிடத்தில் தானாகத் தளர்ந்தால் எங்கோ கசிகிறது, அல்லது கார்பரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் எஞ்சினுக்குள் பெட்ரோலை வழியவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது பம்பு சப்பையாக ஒட்டிப்போனால் டாங்குக்கும் பம்புக்கும் இடையே அடைப்பு.

பொறியா, பெட்ரோலா

எடுக்காத அந்த நேரத்தில், எஞ்சின் ஆறுவதற்குள் இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கென்று ஒரு சிறு பெட்டியைத் தயாராக வைத்திருங்கள்: ப்ளக் ஸ்பானர், இரண்டு நல்ல ப்ளக், மரக்கைப்பிடியோ ரப்பர் கைப்பிடியோ உள்ள குறடு, நிறமற்ற சிறு கண்ணாடிப் பாட்டில், உலர்ந்த துணி.

முதலில் பொறி. மேல்மூடியை எடுத்துவிட்டு, மேல் சிலிண்டரின் தொப்பியைக் கழற்றி உபரி ப்ளக்கை அதில் மாட்டுங்கள். கீழ்ச் சிலிண்டருக்கும் அப்படியே. இரண்டு ப்ளக்குகளின் இரும்பு உடலும் எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் அழுத்தமாகப் பட வேண்டும். உலோகத்தைத் தொடாமல் தொப்பியை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் சி.டி.ஐ. கெட்டுப்போகலாம். நிழல் விழும்படி ஒருவர் மறைத்துக்கொள்ள, மற்றவர் இழுக்கட்டும். நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு பாய்ந்தால் பொறி நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து, ஒன்று விட்டு ஒன்று வந்தால் பலவீனம். ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையா, இரண்டிலுமே இல்லையா என்பதை அப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். அது பின்னால் மிகவும் உதவும்.

அடுத்து, எஞ்சினில் இருக்கும் ப்ளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பத்துமுறை இழுத்தும் அது காய்ந்தே இருந்தால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. நனைந்து சொட்டினால் பெட்ரோல் போயிருக்கிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் உறுதிப்படுத்த இன்னொரு சோதனை: எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகக் கார்பரேட்டரின் வாயில் விட்டு, பாட்டிலை மூடித் தூரமாக வைத்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு இழுங்கள். இரண்டு வினாடி எடுத்து ஓடி நின்றுவிட்டால் பொறி சரி, எஞ்சின் சரி, எரிபொருள் வரும் வழியில்தான் குறை.

ப்ளக் காய்ந்திருந்தால்: எரிபொருளின் பாதை

கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிக் குமிழியாகவோ அடுக்காகவோ எதாவது நின்றால் அது தண்ணீர். படகு ஆடும்போது டாங்கின் அடியில் இருக்கும் தண்ணீர் சில நேரம் உறிஞ்சுகுழாயின் வாய்க்கு வரும், சில நேரம் வராது. கரையில் நன்றாக எடுத்துக் கடலில் மட்டும் மறுக்கும் எஞ்சின்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கடற்கரையின் ஈரக் காற்றில் பாதி காலியான கேனை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் இதற்கு இடம் கொடுக்கிறீர்கள். ஆனி, ஆடிக் கொந்தளிப்பில் படகு கரையேறிக் கிடந்தபின் முதல் நாள் எஞ்சின் எடுக்காததற்கு இது ஒரு பெரிய காரணம். தேவைக்கு மட்டும் வாங்கிக் கலக்குங்கள். பழையதை ஊற்றித் தீர்த்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம்.

எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும். குழாய் வெளியே புதிது போலவே தெரியும். உட்புறத் தோல் மட்டும் உரிந்து நாக்குப் போல் தொங்கும். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அதைத் தாண்டிப் போய்விடும். வேகம் கூட்டினால் அந்த நாக்கு உறிஞ்சப்பட்டு வழியை அடைக்கும். எஞ்சின் நின்றதும் நாக்கு விலகும். அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். கோளாறு வந்துபோகும் எஞ்சினில் பழைய குழாய் இருந்தால் அதைப் பிளந்து பார்த்துவிடுவது நல்லது.

குழாய் எஞ்சினில் மாட்டும் இணைப்பில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது. புதியவர்கள் ஏமாறும் இடம் இது. வெளியே ஒரு சொட்டும் கசியாததால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது குழாயில் இருப்பது அழுத்தம் இல்லை, உறிஞ்சல். தேய்ந்த வளையம் வழியாகப் பெட்ரோல் வெளியே வராமலேயே காற்று உள்ளே புகும். எஞ்சின் தடுமாறும்போது ஒருவர் ரப்பர் பம்பைப் பிதுக்கிக்கொண்டே இருக்க, அது சீராக ஓடினால் காற்று புகுகிறது, அல்லது எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் சவ்வு தளர்ந்திருக்கிறது என்று பொருள். வேறொரு படகிலிருந்து நன்றாக ஓடும் டாங்கையும் குழாயையும் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கோளாறு டாங்க் பக்கமா, எஞ்சின் பக்கமா என்று பிரிந்துவிடும். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

ப்ளக் நனைந்து, பொறியும் நன்றாக இருந்தால் எஞ்சின் பெட்ரோல் குடித்துத் திணறுகிறது. சுருள்கயிற்றின் கிளிப்பைக் கழற்றி, சோக்கைத் திறந்து, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஏழெட்டு முறை இழுங்கள். பிறகு காய்ந்த ப்ளக் போட்டு, கிளிப்பை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் போடும் பழக்கத்தால் வரும் வினை இது. எண்ணெய்க் கலவையையும் சரிபாருங்கள். பெட்ரோலுக்கு 50:1 என்று குறிப்பிடப்பட்ட எஞ்சினில் 10 லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய். கைக்கணக்கில் ஊற்றினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கூடினால் ப்ளக் கரிபிடிக்கும். குறைந்தால் எஞ்சினே போகும். உங்கள் எஞ்சினின் கைநூலில் உள்ள அளவுதான் சரி, மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அது மாறும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள்

பெட்ரோலில் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்களில் காலைத் தகராறுக்கு முதல் காரணம் முந்தைய நாளில் இருக்கிறது. பெட்ரோல் நம் கரையின் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ தீப்பற்றும் அளவு ஆவி எழ 35 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். மார்கழி விடியற்காலையில் கார்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் இருந்தால் ப்ளக் நனையும், பொறியும் வரும், எஞ்சின் மட்டும் எடுக்காது.

கரை நெருங்கும்போது நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். குழாயிலும் கிண்ணத்திலும் இருக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் வந்து நிறைய நேரம் வேண்டும். ஆனால் அலை கடந்து கரையேறும் அந்த நேரத்தில்தான் கவனம் முழுவதும் அலையில் இருக்கும், மாற்றுவது மறந்துபோகும். சில நாள் மறப்பதும் சில நாள் நினைவில் இருப்பதும்தான் எஞ்சின் சில நாள் எடுத்துச் சில நாள் எடுக்காமல் போவதற்குக் காரணமாகிறது. நோட்டில் 'பெட்ரோலுக்கு மாற்றினேன்' என்று ஒரு குறி போட்டு வாருங்கள். எடுக்காத காலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மறந்துவிட்ட நாளில் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மண்ணெண்ணெயை ஒரு பாட்டிலில் வடித்துவிட்டு, பெட்ரோலை ஏற்றிப் பிறகு இழுங்கள்.

பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றும் வால்வும் கவனிக்கத்தக்கது. உள்ளே தேய்ந்துவிட்டால் பெட்ரோல் பக்கம் திருப்பியிருந்தாலும் மண்ணெண்ணெய் சிறிது சிறிதாகக் கலக்கும். கிண்ணத்திலிருந்து வடித்ததில் ஒரு சொட்டு விரலில் தேய்த்தால் தெரிந்துவிடும். பெட்ரோல் நொடியில் உலர்ந்து குளிரும், மண்ணெண்ணெய் பிசுபிசுத்து நிற்கும். எண்ணெய் கலந்திருப்பதால் பெட்ரோலும் முழுதாகக் காயாது. நல்ல பெட்ரோல் கலவையில் ஒரு சொட்டை அடுத்த விரலில் தேய்த்து ஒப்பிடுங்கள்.

பொறி வரவில்லையென்றால்

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையா? ப்ளக்குகளையும், முடிந்தால் தொப்பிகளையும் மேலும் கீழும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே இடம் மாறினால் மாற்றிய பொருள்தான் குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் அந்தப் பக்கத்து வயர் அல்லது காயில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றிக் கோளாறு போய்விட்டால் எது காரணம் என்று தெரியாது. திரும்பி வந்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

பல எஞ்சின்களில் ப்ளக் தொப்பி வயரில் திருகி மாட்டப்பட்டிருக்கும். திருகிக் கழற்றினால் வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் காணலாம். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு நல்ல செம்பு தெரியும் இடத்தில் திருகுங்கள். ப்ளக் இடைவெளி கைநூலில் உள்ளபடி இருக்க வேண்டும். தேய்ந்து அகன்ற இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வலு தேவைப்படும், மெதுவாக இழுக்கும்போது அந்த வலு இருக்காது.

ஈரத்தில் வரும் கோளாறைக் கரையிலேயே வரவழைக்கலாம். இருட்டியபின் டிரம்மில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேல்மூடியைத் திறந்து, ப்ளக் வயர்கள்மேல் சிறு தெளிப்பானால் தண்ணீரைப் பனிபோல் அடியுங்கள். வயரில் விரிசல் இருந்தால் அந்த இடத்தில் நீலநிறத்தில் மின்னல் நெளியும். கை, துணி, கயிறு எதுவும் சுழலும் ஃப்ளைவீலுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. வயரையும் தொடக் கூடாது.

இரண்டு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் பொறி போனால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். முதலில் நிறுத்தும் சுவிட்ச். அதிலிருந்து சி.டி.ஐ.க்கு வரும் வயரை, நிறம் கைநூலில் இருக்கும், கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பொறி திரும்பினால் சுவிட்சோ அதன் வயரோ எங்கோ உலோகத்தைத் தொடுகிறது. இந்த நிலையில் எஞ்சின் எடுத்துவிட்டால் பொத்தானாலும் சுருள்கயிறாலும் நிற்காது. சோக்கை மூடியோ பெட்ரோல் குழாயைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். ஆகவே இது கரையில் டிரம்முக்குள் செய்யும் சோதனை மட்டுமே. அடுத்து, எஞ்சின் உடலில் திருகப்பட்ட எர்த் வயர்களைக் கழற்றி, உப்புக் களிம்பைச் சுரண்டி, இறுக்குங்கள். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கும்போது இழுபடும் வயர்களை நீளவாக்கில் தடவிப் பாருங்கள். தோலுக்குள்ளேயே அறுந்த வயர் விரலுக்கு மெலிந்து தெரியும்.

சூட்டில் மட்டும் பொறி போனால் ஐஸ் உதவும். மைத்துனரின் எஞ்சினில் நாங்கள் செய்தது அதுதான். வலை இழுத்து முடித்து, எடுக்காமல் நின்ற அந்த நேரத்தில் பார்த்தபோது இரண்டு ப்ளக்கிலும் பொறி இல்லை. மீன் பெட்டியிலிருந்து கைப்பிடி ஐஸை எடுத்துப் பாலித்தீன் உறையில் கட்டி, ஈரம் படாதபடி ப்ளக் காயில்மேல் ஐந்து நிமிடம் வைத்தோம். இழுத்தோம், பொறி இல்லை. பிறகு சி.டி.ஐ. பெட்டியின்மேல் ஐந்து நிமிடம் வைத்தோம். இழுத்ததும் இரண்டிலும் நீலப் பொறி. தற்செயலாக இருக்குமோ என்று அடுத்த இரண்டு நாளும் அப்படியே செய்து பார்த்தோம்; மூன்று முறையும் அதே விடை. ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் காயில்களை இப்படிச் சோதிக்க முடியாது. அவற்றின் மின்தடையை மல்டிமீட்டரால் குளிர்ந்தபோது ஒருமுறை, மறுக்கும்போது ஒருமுறை அளந்து கைநூலோடு ஒப்பிட வேண்டும்.

பேட்டரியில் எடுக்கும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு

பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால் பேட்டரி, அதன் முனைகள், ரிலே என்ற வரிசையில் பாருங்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 அளவு காட்ட வேண்டும். எஞ்சினைச் சுற்றும்போது அளவு 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது முனையில் களிம்பு. சத்தமே இல்லையென்றால் பியூஸ், நியூட்ரல் சுவிட்ச், கிளிப்.

மெக்கானிக்கிடம் போகும்போது

கயிறு இழுக்கையில் எஞ்சின் உங்கள் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தால் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சாவித்துண்டு நகர்ந்து பொறியின் நேரம் மாறியிருக்கலாம். இழுப்பில் வழக்கமான எதிர்ப்பு இல்லாவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் நல்லதல்ல. இவை இரண்டும் அனுபவப்பட்டவர் கையில் விட வேண்டியவை. அப்போது 'சில நேரம் எடுக்கவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். நோட்டைக் காட்டுங்கள்: 'முக்கால் மணி நேரம் ஓடி, இருபது நிமிடம் நின்றபின் எடுக்கவில்லை, இரண்டு சிலிண்டரிலும் பொறி இல்லை, ப்ளக் நனைந்திருந்தது.' அவருக்கு அது அரை நாள் வேலையைக் குறைக்கும். உங்களுக்குத் தேவையில்லாத உதிரிபாகச் செலவைக் குறைக்கும்.

கடலில் வைத்து மறுத்தால்

கோளாறு தீராத எஞ்சினோடு தனிப்படகாகப் போகாதீர்கள். கூட ஒரு படகு வேண்டும். எடுக்காது என்று தெரிந்தவுடன், ஆழம் இடம் கொடுத்தால் முதலில் நங்கூரம் போடுங்கள். இழுத்துக்கொண்டே பாறையையோ அலை உடையும் இடத்தையோ நோக்கி ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. பிறகு கிளிப், கியர், காற்று திருகு, ரப்பர் பம்பு, காய்ந்த ப்ளக் என்ற வரிசையில் போங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16ஆம் சேனல். கைபேசியில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கைகள் தளர்ந்துபோகும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த படகின் விளக்கு கண்ணுக்குத் தெரியும்போதே டார்ச் அடித்துக் கூப்பிட்டுவிடுங்கள்.